லேயில் ஒரு காலை: கிளம்ப மறுத்த 500 கே.வி.ஏ.

2012இல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்தபோது, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓயாமல் ஓடிய டீசல் ஜெனரேட்டர்களுக்கு நடுவில்தான் என் நாட்கள் கழிந்தன. அன்று எனக்கு வந்த புகார்கள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை: தண்ணீர் சூடாகிறது, ரேடியேட்டர் அடைத்துக்கொண்டது, பெல்ட் நழுவுகிறது, லோடு ஏற்றினால் இன்ஜின் மூச்சுத் திணறுகிறது. இன்ஜின் கிளம்பவே இல்லை என்று யாராவது அழைத்தால், பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைத்துவிட்டு நட்டை இறுக்கினாலே பாதிக்குமேல் தீர்ந்துவிடும். செல்ஃப் அடித்தால் இரண்டு விநாடிக்குள் கிளம்பிவிடுவது டீசல் இன்ஜினின் பிறவிக் குணம் என்று நான் நம்பியிருந்தேன். அது இன்ஜினின் குணம் அன்று, நம் ஊரின் குணம் என்பதை அடுத்த ஆண்டு ஜனவரியில் லடாக்கின் லே நகரில் கற்றுக்கொண்டேன்.

அந்த நாட்களில் லே நாட்டின் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லேவுக்குச் செல்லும் 220 கிலோவோல்ட் மின்தடம் 2019 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. சிந்து நதியில் கட்டப்பட்ட 45 மெகாவாட் நிமூ பாஸ்கோ நீர்மின் நிலையமும் 2014இல்தான் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன்பு குளிர்காலத்தில் லேயில் விளக்கெரிந்தது என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்று பொருள். நான் அனுப்பப்பட்டது நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு பணியாளர் குடியிருப்பு வளாகத்துக்கு. அங்கே தகரக் கொட்டகை ஒன்றில் இரண்டு 500 கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர், மின்திறனின் அளவு) ஜெனரேட்டர்கள் இருந்தன, ஒன்று ஓடும், மற்றது ஓய்வில் இருக்கும். ஆறு சிலிண்டர், ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளளவு, தலையணைத் தடிமனுக்கு டர்போ. சென்னையில் இதே வகை இன்ஜினை நூறு முறையாவது கிளப்பியிருப்பேன். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்துக்கு விமானத்தில் ஒரே தாவலில் போய் இறங்குவதால் முதல் இரண்டு நாட்கள் படுத்தே கிடக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆபரேட்டர் என் கதவைத் தட்டினார். ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுவிட்டது. ஓய்வில் இருந்தது கிளம்ப மறுக்கிறது.

ஆபரேட்டர் ஐம்பதைத் தாண்டிய லடாக்கிக்காரர். அவரை எல்லோரும் அழைத்ததைப் போல நானும் ‘அச்சோலே’ என்றுதான் அழைத்தேன். அவர்கள் மொழியில் அண்ணன் என்பதற்கான மரியாதைச் சொல் அது. அவர் என்னை ‘ஸாப்’ என்றார். கொட்டகைக்கு வெளியே ஆணியில் மாட்டியிருந்த வெப்பமானி மைனஸ் 21ஐக் காட்டியது. குடியிருப்புகளில் புகாரி அடுப்புகள் மண்ணெண்ணெயில் எரிந்துகொண்டிருந்ததால் ஆட்களுக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் தண்ணீர்க் குழாய்களை உறையாமல் காத்துவந்தது மின்சாரம்தான்; சில மணி நேரம் போனால் குழாய்கள் வரிசையாக வெடிக்கும்.

அன்று நான் செய்த முதல் தவறு அவசரம். கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். திரையில் எழுத்துகள் சோம்பல் முறித்து எழுவதைப் போல மெல்ல மெல்லத் தெளிந்தன. குளிரில் அந்தத் திரவப் படிகத் திரைகூட மந்தமாகிவிடும் என்பதை அப்போதுதான் கண்டேன். செல்ஃப் மோட்டாரை இணைக்கும் சோலனாய்டு ‘டக்’ என்று விழுந்தது. செல்ஃப் மோட்டார் இன்ஜினின் கனத்த சக்கரமான ஃபிளைவீலைத் தள்ளிய ஓசை எனக்குப் பழக்கமான ஓசையாக இல்லை. சேற்றில் சிக்கிய வண்டியை ஆட்கள் ‘ஏலேலோ’ போட்டுத் தள்ளுவதைப் போல ஒரு முனகல், ஒரு நிறுத்தம், மீண்டும் ஒரு முனகல். பெட்டியிலிருந்த மீட்டரில் 24 வோல்ட் சரசரவென்று 15க்கு இறங்கியது. அதற்கும் கீழே போனபோது கண்ட்ரோலரே அணைந்து மறுபடி உயிர்பெற்றது. மூன்று முறை தானாக முயன்றுவிட்டு, ‘ஃபெயில் டு ஸ்டார்ட்’ என்று எழுதிக் காட்டியது. புகைபோக்கியிலிருந்து ஒரு துளிப் புகைகூட வரவில்லை. மூன்று முயற்சியில் பேட்டரியில் எஞ்சியிருந்ததையும் நான் தின்று தீர்த்திருந்தேன்.

இங்கே கொஞ்சம் நின்று, குளிர் ஒரு டீசல் இன்ஜினை எப்படி முடக்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் இன்ஜினைப் போல இதற்குத் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, நெருக்கப்பட்ட காற்று சூடேறுகிறது, அந்தச் சூட்டில் பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். டீசல் தானாகப் பற்ற ஏறத்தாழ 210 முதல் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும், இமைப்பொழுதுக்குள் பற்ற வேண்டுமென்றால் அதற்கும் மேலே நிறைய வேண்டும். 14 பங்குக் காற்றை ஒரு பங்காக நெருக்கும் இன்ஜினில், சென்னையின் 27 டிகிரிக் காற்று நுழைந்தால் நெருக்கலின் முடிவில் அது சுமார் 390 டிகிரிக்குப் போகும். மைனஸ் 20 டிகிரிக் காற்று நுழைந்தால் அதே நெருக்கலில் சுமார் 285 டிகிரிதான் கிடைக்கும். இதுவும் இன்ஜின் போதிய வேகத்தில் சுழன்றால் கிடைக்கும் கணக்கு. மெதுவாகச் சுழன்றால் காற்று பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கசியவும், தன் சூட்டைக் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவரிடம் பறிகொடுக்கவும் நிறைய நேரம் கிடைக்கிறது. அப்போது அந்த 285, 215 வரை இறங்கிவிடும். அதே சோம்பலான சுழற்சி சென்னையில் நேர்ந்தாலும் 300க்குக் குறையாது, ஆகவே அங்கே இன்ஜின் கிளம்பிவிடும். லேயில் இன்னொரு பாரமும் சேர்கிறது: அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நெருக்குவதற்கே காற்று குறைவு.

அப்படியென்றால் வேகமாகச் சுற்றிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். வேகத்தைத் தர வேண்டியது பேட்டரி. வேகத்தைத் தடுப்பது ஆயில். குளிரில் முன்னது மெலிகிறது, பின்னது தடிக்கிறது. மைனஸ் 18 டிகிரிக்குப் போனால், நல்ல நிலையில் உள்ள ஈய அமில பேட்டரிகூடத் தன் வழக்கமான திறனில் பாதியை ஒட்டித்தான் கொடுக்கும். அதே குளிரில் இன்ஜினைச் சுற்றத் தேவைப்படும் விசையோ இரண்டு மடங்குக்கு மேல் போகும். குளிர் ஒரு பக்கம் வரவைக் குறைத்து மறுபக்கம் செலவைக் கூட்டும் சம்சாரம் இது. இந்தக் கணக்கில் ஏதாவது ஓர் உருப்படியை மட்டும் சரிசெய்துவிட்டு இன்ஜின் கிளம்பும் என்று எதிர்பார்ப்பவர்தான் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்திக்கொண்டிருப்பார். அன்று காலை ஆறு மணி வரை அந்த ஆள் நானாகத்தான் இருந்தேன்.

பேட்டரியிலிருந்து தொடங்கினேன். 12 வோல்ட், 180 ஆம்பியர்-மணி பேட்டரிகள் நான்கு, இரண்டிரண்டாகத் தொடரில் கோக்கப்பட்டு 24 வோல்ட் ஆக்கப்பட்டிருந்தன. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் கிராவிட்டி 1.240 காட்டியது, பரவாயில்லையே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். குளிரில் அமிலம் அடர்ந்து சுருங்குவதால் ஹைட்ரோமீட்டர் உள்ளதைக் காட்டிலும் அதிகமாகவே சொல்லும். 27 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் 0.007 கழித்துக்கொள்ள வேண்டும். கழித்தால் உண்மையான கிராவிட்டி 1.210ஐ ஒட்டித்தான் இருந்தது, அதாவது பேட்டரியில் பாதியை விடச் சற்று அதிகம். இது வெறும் பலக் குறைவு மட்டும் அன்று. முழுதாக ஏற்றிய பேட்டரியின் அமிலம் மைனஸ் 60க்குக் கீழே போனாலொழிய உறையாது, 1.200க்கு வந்துவிட்ட அமிலம் மைனஸ் 27ஐ ஒட்டி உறையும், 1.100க்கு வடிந்துவிட்டதோ மைனஸ் 8லேயே கட்டியாகும், பெட்டியும் பிளக்கும். ஆகவே, இன்னும் சில முறை நான் பொத்தானை அழுத்தியிருந்தால், கிளம்பாத இன்ஜினோடு உடைந்த பேட்டரிகளையும் சேர்த்துப் பார்த்திருப்பேன். சாலை மூடிக்கிடக்கும் மாதத்தில் அங்கே புதுப் பேட்டரி என்பது விமானத்தில் வரவேண்டிய சாமான். அதிலும் அமிலம் நிரம்பியதை எந்த விமானமும் லேசில் ஏற்றாது.

நான்கு பேட்டரிகளையும் கழற்றி, ஆளுக்கொரு முனை பிடித்து, அச்சோலேயின் அறைக்குக் கொண்டுபோனோம். அவர் அவற்றைப் புகாரி அடுப்புக்கு அருகில் வைக்கப் போனார்; சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்று சொல்லி எதிர் மூலையில், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, பலகைமேல் வைக்கச் செய்தேன். வளாகத்தில் கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருந்தது. அதை எப்போதும் குளிர்படாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பாராம். அந்தச் சிறுசுதான் அன்று சார்ஜருக்கும் பிறவற்றுக்கும் மின்சாரம் கொடுத்தது.

அடுத்து ஆயில். டிப்ஸ்டிக்கை உருவித் தூக்கிப் பிடித்தேன். நம் ஊரில் அதன் நுனியிலிருந்து சொட்டு உடனே விழும். இங்கே விழவில்லை, நீண்டு, மெலிந்து, கம்பிப் பதம் வந்த வெல்லப் பாகைப் போலத் தொங்கிக்கொண்டே நின்றது. ஊற்றியிருந்தது 15டபிள்யூ-40. அந்த 15டபிள்யூ என்ற குறிக்கு, மைனஸ் 20 டிகிரி வரை இன்ஜினைச் சுற்றவிடும் அளவுக்குள் தன் தடிப்பு நிற்கும் என்பதுதான் உறுதிமொழி. அந்த எல்லையை நாங்கள் தாண்டியிருந்தோம். 5டபிள்யூ வகை அதே உறுதியை மைனஸ் 30க்கும், 0டபிள்யூ வகை மைனஸ் 35க்கும் தருகின்றன. சென்னையில் நாங்கள் கேனில் பின்பாதி எண்ணை மட்டும் பார்த்து வாங்குவோம். முன்பாதி எண் எதற்காக அச்சிடப்பட்டிருக்கிறது என்று பத்தாண்டுகளில் ஒருமுறைகூட யோசித்ததில்லை என்பதைக் கூச்சத்தோடு எழுதுகிறேன்.

டீசலைத் தொட்டபோதுதான் எதற்காக முதல் இன்ஜின் நின்றது என்பதும் விளங்கியது. டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து, அம்மா அதைக் கொண்டுபோய் முற்றத்து வெயிலில் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குளிரக் குளிர முதலில் டீசல் அரிசி களைந்த தண்ணீரைப் போலக் கலங்கும். அடுத்து அந்த மெழுகுத் துகள்கள் ஃபில்டரின் நுண்துளைகளில் படிந்து வழியை அடைக்கும். எல்லாவற்றுக்கும் பிறகுதான் டீசல் ஊற்றவே வராமல் இறுகும். இன்ஜினுக்கு ஆபத்து இரண்டாம் கட்டத்திலேயே வந்துவிடுகிறது. டேங்கில் டீசல் தாராளமாகத் தளும்பும், ஆனால் ஃபில்டருக்கு அப்பால் ஒரு சொட்டும் போகாது. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். உறைந்த நெய்யைப் போல மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒரு படலம் அதன் மடிப்புகள் முழுவதும் ஒட்டியிருந்தது. அடியிலிருந்த நீர்ப்பிரிப்பான் கிண்ணத்தில் விரல் நகம் அளவுக்குப் பனிக்கட்டி கிடந்தது.

இலையுதிர் காலத்தில் வந்து இறங்கிய அந்தச் சரக்கு, குளிருக்கென்று தயாரிக்கப்படாத சாதாரண டீசல். யார் வாங்கினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்பதெல்லாம் பின்னால் நீண்ட கடிதப் போக்குவரத்தாயிற்று; எனக்கு அதில் ஆர்வமில்லை. உண்மையில் அன்று அங்கே வேறு சரக்கு கேட்டிருந்தாலும் எளிதில் கிடைத்திருக்காது. மைனஸ் 33 டிகிரி வரை இளகியே இருக்கும் குளிர்காலச் சிறப்பு டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கு அறிமுகப்படுத்தியது 2019 நவம்பரில்தான். அதுவரை லாரி ஓட்டுநர்கள் டேங்கின் அடியில் தீ மூட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஊதுவிளக்கின் சுடரை டீசல் டேங்கில் காட்டும் அந்தக் காட்சியை முதன்முதலாகப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. அவர்கள் பீடியையும் அணைக்கவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது மண்ணெண்ணெய். அதில் மெழுகு மிகக் குறைவு. டீசலில் அதைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் கலங்கும் வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி கீழே இறங்கும். ஆனால் இதை மெழுகு பிரிவதற்கு முன்பே சேர்க்க வேண்டும். ஒருமுறை பிரிந்து படிந்த மெழுகை, மேலே ஊற்றுகிற மண்ணெண்ணெயோ, கடையில் விற்கும் திரவமோ அவ்வளவு எளிதில் கரைக்காது. மேலும் மண்ணெண்ணெய்க்கு வழுவழுப்பு குறைவு. டீசலின் வழுவழுப்பை நம்பி ஓடும் பம்பும் இன்ஜெக்டரும் அளவுக்கு மீறினால் தேய்ந்துபோகும். அன்று நான் டேங்கைத் தொடவில்லை. அச்சோலேயின் அறையில் இரவெல்லாம் இருந்த ஒரு பிளாஸ்டிக் கேன் டீசலில் மண்ணெண்ணெயைக் கலந்து, அதைக் கொட்டகையில் உயரமாகத் தூக்கிவைத்து, ஃபில்டரின் வாய்க்கு நேரே குழாய் கொடுத்தேன். புது ஃபில்டரை அதே கலவையால் நிரப்பி மாட்டி, கைப்பம்பால் அடித்து, குழாயில் சிக்கிய காற்றான ஏர் லாக்கை எடுத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு நட்டைத் தொட்ட ஆட்காட்டி விரலின் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டது; அந்தத் தழும்பு இப்போதும் மங்கலாக இருக்கிறது.

வளாகத்தில் ஒரு பையன் இருந்தான். ஈதர் தெளிப்பான் ஒன்றைக் கொண்டுவந்து, காற்று உள்ளே போகும் வழியில் இதை அடித்தால் ஒரே நொடியில் கிளம்பும் என்றான். பொய்யில்லை, கிளம்பும், ஈதர் 160, 170 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். ஆனால் அது பற்றும் நேரம் நம் கையில் இல்லை. பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பற்றி வெடித்தால், ஏறுகிற பிஸ்டனைச் சம்மட்டியால் அடித்ததற்குச் சமம். வேறொரு இடத்தில் அப்படி ரிங் தூளாகி, சிலிண்டர்ச் சுவரில் கீறல் விழுந்த இன்ஜினைப் பிரித்தவன் நான். காற்றைச் சூடேற்றும் கம்பிச்சுருள் பொருத்திய இன்ஜினாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சிவந்த கம்பியின் மேல் ஈதரைத் தெளிப்பது இன்ஜினுக்கு வெளியிலேயே தீ வைப்பது. தம்பியிடமிருந்து அந்த டப்பாவை வாங்கி என் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன்.

இன்ஜினுக்குத் தேவை சூடு. அதைக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட் வாட்டர் ஹீட்டர் அதில் பொருத்தப்படவே இல்லை. சின்ன வெந்நீர்க் கொதிகலன் போன்ற அந்தக் கருவி இரண்டு மூன்று கிலோவாட் மின்சாரத்தில், இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விப்புத் திரவமான கூலன்டைச் சூடாக்கும். சூடான கூலன்ட் தானாக மேலே ஏறி, குளிர்ந்தது கீழே இறங்கி, பம்பே இல்லாமல் இன்ஜின் முழுவதும் சுற்றிவரும். குளிர்நாடுகளின் மருத்துவமனைகளில் மின்சாரம் போன பத்து விநாடிக்குள் ஜெனரேட்டர் லோடை ஏற்பது, அந்த இன்ஜின் ஆண்டு முழுவதும் நாற்பது டிகிரிக் கதகதப்பில் காத்திருப்பதால்தான். எங்களிடம் அது இல்லாததால் பழைய வழியில் இறங்கினோம். அலாஸ்காவில் பனிவெளியில் விமானம் ஓட்டிய பழைய விமானிகள் மாலையில் இன்ஜின் ஆயிலை வடித்துக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்து, காலையில் சூடாக ஊற்றிப் பறந்தார்களாம். 19 லிட்டர் இன்ஜினில் ஐம்பது லிட்டரை ஒட்டி ஆயில் இருக்கும். அதை வடிப்பதற்கே அது முதலில் இளக வேண்டும்.

சாலைப் பணி முகாமிலிருந்து மண்ணெண்ணெயில் எரியும் சூடுகாற்று ஊதி ஒன்றை இரவல் வாங்கிவந்தார் அச்சோலே. தடித்த தார்ப்பாய் இரண்டை இன்ஜின்மேல் தரை வரைக்கும் கூடாரமாகப் போர்த்தி, ஊதியின் குழாயை ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் விட்டோம். கரிப்புகை நஞ்சு என்பதால் கூடாரத்துக்குள் யாரும் தலையைக்கூட நுழைக்கக் கூடாது என்று சொல்லி, தீயணைப்பானோடு ஒருவரைக் காவலுக்கு நிறுத்தினேன். மூன்று மணி நேரம். இதற்கிடையில் அச்சோலே கொடுத்த உப்பும் வெண்ணெயும் கலந்த ‘குர்குர் சா’ தேநீரைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு அரை மணிக்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். பாகு மெல்ல மெல்லத் தேனாகி, தேன் எண்ணெயாயிற்று. கூலன்டையும் சோதித்துவிட்டேன், தண்ணீரும் உறையவிடாமல் தடுக்கும் கிளைக்காலும் சரிபாதி, மைனஸ் 37 வரை தாங்கும். நல்லவேளை, அதிலாவது யாரோ ஒழுங்காக இருந்திருக்கிறார்கள். வெறும் தண்ணீராக இருந்திருந்தால் இன்ஜின் பிளாக்கே பிளந்து கிடந்திருக்கும்.

காலை பத்தரைக்குப் பேட்டரிகளைச் சூடாகவே கொண்டுவந்து மாட்டினோம். செல்ஃப் அடிப்பதற்கு முன், பாரிங் கம்பியால் ஃபிளைவீலை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்தேன். விடியற்காலையில் இரண்டு பேர் தொங்கியும் அசையாதது, இப்போது ஒருவர் கைக்கு முனகலோடு இணங்கியது. பொத்தானை அழுத்தினேன். இம்முறை சுழற்சி சீராக இருந்தது. ஏழு விநாடியில் புகைபோக்கியிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. அது நல்ல சகுனம், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, இன்னும் பற்றவில்லை என்று பொருள். ஒரு சிலிண்டர் பற்றியது, தவிலில் ஒற்றை அடி விழுந்ததைப் போல. பிறகு ஒரு சுற்றுவிட்டு இன்னொன்று. தொடர்ந்து முப்பது விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, அடித்தால் இரண்டு நிமிடம் ஆறவிட வேண்டும். கைக்கடிகாரத்தில் பதினெட்டைத் தொட்டபோது ஐந்தாறு அடிகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கொட்டகை நடுங்கியது. கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகைக்குள் நின்றுகொண்டு அச்சோலே என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

கிளம்பியதும் வேலை முடியவில்லை. ஜெனரேட்டர் இன்ஜினுக்கு இயல்பே எடுத்த எடுப்பில் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குத் தாவுவது. குளிர்ந்த இன்ஜினில் அது டர்போவின் பேரிங்கைக் கொல்லும். இன்ஜினை மெதுவாக ஓடவைக்கும் ஐடில் சுவிட்சை நான் முன்பே போட்டிருந்ததால் எழுநூறு சுற்றில் நின்றது. ஆயில் பிரஷர் மீட்டர் முதலில் பத்து விநாடி அசையாமல் இருந்து, பிறகு வழக்கத்துக்கு மேல் எகிறியது. இதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. தடித்த ஆயிலைக் குறுகிய வழியில் தள்ளும்போது அழுத்தம் ஏறத்தான் செய்யும்; ஆயில் போய்ச்சேர்ந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஐந்து நிமிடம் கழித்து 1500க்கு ஏற்றி, உடனே கொஞ்சம் லோடு கொடுத்தேன். லோடு இல்லாமல் ஓடவிட்டால் சூடாகும் என்று நினைப்பது வீண். அந்தக் குளிரில் வெறுமனே ஓடும் டீசல் இன்ஜின் மணிக்கணக்கில் ஓடினாலும் சூடேறாது, எரியாத டீசல் ரிங்கைக் கழுவிக்கொண்டு ஆயிலில் போய்ச் சேரும், புகைக்குழாயில் கறுப்புப் பிசுக்காய் வழியும். ரேடியேட்டரின் முன்னால் தார்ப்பாயைப் பாதி மறைத்துக் கட்டினோம். இன்ஜினின் மூச்சுக்குழாயில் நீராவி உறைந்து அடைத்துவிட்டால் உள்ளழுத்தம் ஏறி ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும் என்பதால், அதையும் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவைத்தேன். பதினொன்றே காலுக்குக் குழாய்களுக்கு மின்சாரம் போயிற்று. இரண்டு வீடுகளில் மட்டும் வெடித்திருந்தது.

அன்று மாலையே ஹீட்டர் வேண்டுமென்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஹீட்டர் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லாதபோது கிளம்புவதற்காகத்தான் இந்த இன்ஜினே இருக்கிறது. பின்னாட்களில் எத்தனையோ இடங்களில் இதைப் பார்த்துவிட்டேன்: ஹீட்டர் வெளியிலிருந்து வரும் மெயின் மின்சாரத்தில் இருக்கும், மெயின் போய்விடும், ஜெனரேட்டரில் வேறு ஏதாவது சிறு கோளாறு வந்து இரண்டு மணி நேரம் தாமதமாகும், அதைச் சரிசெய்து முடிக்கும்போது இன்ஜின் ஆறிப்போயிருக்கும். எங்கள் கொட்டகையில் இரண்டு இன்ஜின்கள் இருந்தது வசதியாயிற்று. ஒன்பது நாள் கழித்து விமானத்தில் இரண்டு ஹீட்டர்கள் வந்தபோது, முதல் இன்ஜினின் ஹீட்டரை இரண்டாவது ஜெனரேட்டரின் மின்சாரத்திலும், இரண்டாவதன் ஹீட்டரை முதலாவதன் மின்சாரத்திலும் கோத்தேன். விழித்திருப்பது உறங்குவதைக் கதகதப்பாக வைத்திருக்கும். ஓடுகிற இன்ஜின் நின்றாலும், மற்றது அந்த நேரத்தில் சூடாகவே இருக்கும். அது ஆறுவதற்குள் கிளப்பிவிடலாம். பேட்டரிகளுக்கு மரப்பெட்டி செய்து உள்ளே கம்பளியும் ஒரு சிறிய சூடேற்றும் தகடும் வைத்தோம். ஆயில் 5டபிள்யூ-40க்கு மாறியது.

அச்சோலே தன் பங்குக்கு ஒன்று செய்தார். நாங்கள் இன்ஜினுக்கு ஊற்றும் அதே டீசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்து, மாலையில் கொட்டகைக்கு வெளியே, வெப்பமானிக்குக் கீழே கல்மேல் வைத்துவிடுவார். விடியுமுன் டார்ச் அடித்துப் பார்ப்பார். புட்டிக்குப் பின்னால் பிடித்த விரல் தெளிவாகத் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுவார்; மங்கினால், பகலில் டேங்க் நிரப்பும்போது மண்ணெண்ணெயைக் கூட்டுவார். நான் கிளம்பிவரும் நாளன்று அதிகாலையில் இரண்டாம் இன்ஜினைக் கடைசியாக ஒருமுறை சோதித்தேன். வெளியே மைனஸ் 18; பிளாக்கின்மேல் உள்ளங்கையை வைத்தால் குளிக்கப் பதமான வெந்நீர்ப் பானையைத் தொட்டதைப் போல இருந்தது. மூன்று விநாடியில் கிளம்பிற்று. அச்சோலே அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலில் குந்தியிருந்து, புட்டியை டார்ச் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.